தன்விலக்கு: சூதாடுவோர் தமக்குத் தாமே இடும் வேலி

வியாசபாரதத்திலே தருமர் இருமுறை சூதாடினார். அவர் முதன்முறை ஆடியதினும் இரண்டாமுறை ஆடியதே நாம் ஆழ்ந்து நோக்கற்குரியது. முதல் ஆட்டத்தில் நாடும் செல்வமும் தம்பியரும் தாமும் மனைவியும் பணயமாகி இழக்கப்பட்டபின், திருதராட்டிரன் யாவற்றையும் திருப்பி அளித்துவிட்டான். பாண்டவர் தம் நகர் நோக்கிப் புறப்பட்டனர். வழியிலே மீண்டும் அழைப்பு வந்தது. சூதின் கொடுமையை அப்பொழுது அவரினும் நன்கு உணர்ந்தார் எவரும் இலர். அங்ஙனமிருந்தும் அவர் திரும்பிச் சென்றார். பன்னிரண்டாண்டு வனவாசமும் ஓராண்டு அஞ்ஞாதவாசமும் எய்தினார். முதல் ஆட்டத்திற்கு அறியாமையைக் காரணமாகக் கூறலாம். இரண்டாவதற்கு அக்காரணம் பொருந்தாது.

சூதைக் கடிந்து நம் முன்னோர் எழுதிய நீதிகள் பல. திருவள்ளுவர் அதற்கெனவே ஓர் அதிகாரம் வகுத்தார். சூது தீது என்பதை அறியாதார்க்கு அந்நீதிகள் பெரிதும் பயன்படுவன. ஆயின், தீது என்று முற்றும் அறிந்தும் விடமாட்டாது தவிப்பவன் ஒருவனுக்கு யாது துணை? அறிவுரை அவனுக்குப் புதிதன்று; பிறர் கூறுமுன் அதனை அவனே தனக்குப் பன்முறை கூறிக்கொண்டிருப்பான்.

இத்தகையோர்க்குத் துணையாக 1989-ஆம் ஆண்டு முதல் அயல்நாடுகள் சிலவற்றில் வழங்கிவரும் ஓர் ஏற்பாட்டினை இவ்வியாசத்தில் ஆராய்வாம். அதனைத் தன்விலக்கு என்று கூறலாம். சூதாடுவோன் ஒருவன், தன்னை இன்ன காலம்வரையில் சூதாட்ட விடுதியுள் விடலாகாது என்று தானே எழுதிக் கையொப்பமிட்டு, அவ்விடுதியாரிடமேனும் அரசாங்கத்தாரிடமேனும் ஒப்புவித்துவிடுவதே அது. எவரும் அவனைக் கட்டாயப்படுத்துவதில்லை. ஆயின், ஒருமுறை ஒப்பமிட்டபின் குறித்த காலம் முடியுமுன் அவன் நினைத்தபொழுது அதனை மாற்றிக்கொள்ளவும் இயலாது.

நோயின் இயல்பு

சூதாடும் பழக்கம் சிலர்பால் நோயாகவே முற்றுவதை மருத்துவ நூலார் இன்று உடன்படுகின்றனர். அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கத்தார் வெளியிடும் நோய்ப் பகுப்பு நூலிலே, 1980-இல் வந்த மூன்றாம் பதிப்பில் அது முதன்முதல் இடம்பெற்றது. 2013-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பிலோ, அது மது முதலியவற்றிற்கு அடிமையாதலோடு ஒருங்கு வைத்து எண்ணப்பட்டது. உலக சுகாதார ஸ்தாபனத்தாரின் பகுப்பும் இதனையே தழுவிற்று. முன்னிருந்த கிளர்ச்சியைப் பெறுதற்கு மேலும் மேலும் மிகுந்த தொகை வைத்தாடுதல், ஆட்டத்தை நிறுத்தினால் மனம் நிலைகொள்ளாது எரிச்சலுறுதல், வீட்டாரிடம் பொய் கூறுதல், இன்று இழந்ததை நாளை மீட்கவேண்டுமென்று மறுபடியும் செல்லுதல் ஆகியன அந்நோயின் குறிகளுட் சில.

ஆட்டக் கருவிகளும் இந்நோயை வளர்க்கும் தன்மையன. காசு போட்டவுடன் படங்கள் உருளும் பொறியொன்றை எடுத்துக்கொள்வோம். மூன்று படங்கள் ஒன்றுபோல் வந்து நின்றால் வெற்றி. இரண்டு அங்ஙனம் வந்து மூன்றாவது ஒரு படி தள்ளி நின்றுவிட்டால், கணக்கின்படி அது முழுத் தோல்வியேயாம். ஆடுவோன் உள்ளமோ அதனைத் தோல்வியென்று கொள்ளாது, வெற்றி அருகில் வந்துவிட்டதென்று கொள்கிறது. அதனால் எழவேண்டியவன் எழாமல் மீண்டும் ஒரு காசு போடுகிறான்.

இந்நோயுற்றவன் உள்ளத்தில் இருவர் குடியிருக்கின்றனர் எனலாம். வைகறையிலே வெறும் பையோடு வீடு திரும்பி, உறங்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து, இனி ஆடேன் என்று சபதம் செய்பவன் ஒருவன். மாதச் சம்பளம் கைக்கு வந்த மாலையில், இன்று ஒரு நாள் மட்டும் என்று சொல்லிக்கொண்டு படியேறுபவன் மற்றொருவன். காலையில் ஒருவன் செய்த சபதத்தைக் காக்கும் பொறுப்பு மாலையில் மற்றவன் கையிலே விழுகின்றது. கள்வனிடமே சாவியைக் கொடுத்துக் காவல் வைத்தது போன்ற நிலை இது. அவன் சபதம் பன்முறை முறிவது அவன் பொய்யன் என்பதனாலன்று. காக்கவேண்டிய பொழுதில் காப்பவன் இல்லாமையாலேயாம். காலையில் தெளிந்த அறிவோடு எழுதிய பத்திரத்தை, மாலையில் அவனுக்கே எட்டாதவாறு பிறரிடம் ஒப்புவித்து வைப்பதே தன்விலக்கின் உட்கருத்து.

ஏற்பாட்டின் தோற்றம்

இவ்வேற்பாடு முறையாகத் தொடங்கியது கானடா தேசத்து மானிடோபா மாகாணத்தில், 1989-ஆம் ஆண்டிலேயாகும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் இதனை மாகாணம் முழுமைக்கும் உரிய ஏற்பாடாக முதன்முதல் மேற்கொண்டது மிசௌரி மாகாணம். அங்கே ஆற்றில் மிதக்கும் படகுகளிற் சூதாட்ட விடுதிகள் 1994-இல் திறக்கப்பட்டன. இரண்டு மணி நேரத்திற்குள் ஒருவர் 500 டாலருக்கு மேல் இழக்கலாகாது என்னும் வரம்பும் தொடக்கத்திலேயே சட்டத்தில் இருந்தது. அவ்வரம்பு 2008-ஆம் ஆண்டு வாக்கெடுப்பின் பயனாக நீக்கப்பட்டது. வரம்பு இருந்த அக்காலத்திலேயே அழிந்தோர் பலராதலின், 1996-இல் அம்மாகாணத்துச் சூதாட்ட ஆணையத்தார் விலகினோர் பட்டியல் ஒன்றினைத் தொடங்கினர்.

அதில் சேர்வோன் தன் பெயரையும் புகைப்படத்தையும் கொடுத்துக் கையொப்பமிடுவான். அதன்பின் மாகாணத்திலுள்ள எந்தச் சூதாட்ட விடுதியிலும் அவன் கால்வைத்தல் கூடாது. வைத்தால் அத்துமீறி நுழைந்த குற்றத்திற்கு ஆளாவான். விடுதியார் அவனுக்கு அழைப்பு மடலும் சலுகைச் சீட்டும் அனுப்பலாகாது. தொடக்கத்தில் இவ்விலக்கு ஆயுள் முழுதிற்கும் உரியதாயிருந்தது. 2012 முதல், ஐந்தாண்டு கழிந்தபின் விரும்பினோர் விண்ணப்பித்து நீங்கலாம் என்று மாற்றப்பட்டது. இத்துணைக் கடுமையான நிபந்தனையிருந்தும், முதல் எட்டாண்டிற்குள்ளாகவே 6,500-க்கு மேற்பட்டோர் தம் பெயரைத் தாமே அப்பட்டியலில் எழுதிக்கொண்டனர். தம் வாழ்நாள் முழுதிற்கும் ஒரு வாயிலை அடைத்துக்கொள்ளத் துணிந்த அம்மாந்தரின் துயரம் எத்தன்மையதாயிருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மதிலின் உயரம்

இவ்வேலி உண்மையில் காத்ததா? இதனை ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த ஸேரா நெல்ஸன், ஹோவர்டு ஷாஃபர் முதலிய ஆராய்ச்சியாளர் ஆய்ந்து 2010-இல் முடிவுகளை வெளியிட்டனர். மிசௌரிப் பட்டியலிற் சேர்ந்து நான்கு முதல் பத்தாண்டு கடந்திருந்த 113 பேரை அவர்கள் கண்டு வினாவினர்.

முதலில் குறையைச் சொல்வோம். ஒப்பமிட்டபின்னும் மனந்தடுமாறி மிசௌரியின் விடுதிகளுள் நுழைய முயன்றோருட் பாதிப் பேர் தடையின்றி நுழைந்துவிட்டனர். ஆயிரக்கணக்கான முகங்களை வாயிற் காவலர் நினைவில் வைத்தல் அரிது. நுழைவோர் ஒவ்வொருவரிடமும் அடையாளச் சீட்டு வாங்கிப் பட்டியலோடு ஒப்பிடாத இடத்தில் பட்டியல் வெறுந்தாளாகிவிடும். மேலும், மாகாண எல்லையைக் கடந்தால் அடுத்த மாகாணத்தின் விடுதி திறந்தேயிருக்கும்.

இனி நிறையைச் சொல்வோம். அவருட் பெரும்பாலார் சூதாடுவதைக் குறைத்திருந்தனர். சூதினால் வந்த தொல்லைகளும் அவர்க்குக் குறைந்திருந்தன. மதில் பாதி இடிந்து கிடக்க, உள்ளிருந்தோர் காக்கப்பட்டது எங்ஙனம்? ஆராய்ச்சியாளர் கண்ட விடை வியக்கத்தக்கது. நன்மை விளைந்தது காவலின் கடுமையினாலன்று. பெரும்பான்மையும் ஒப்பமிட்ட செயலினாலேயே என்பது அவர் முடிவு. ஒப்பமிட்டதோடு நில்லாது, மருத்துவரையோ தம்மையொத்தார் கூடும் உதவிக் கூட்டங்களையோ நாடினோர், நாடாதாரினும் மிகுந்த நலம் பெற்றனர் என்பதும் அவ்வாராய்ச்சியிற் கண்ட மற்றோர் உண்மை.

கையொப்பத்தின் வலிமை

ஒரு கையொப்பத்திற்கு இத்துணை வலிமை எங்கிருந்து வந்தது? எமக்குத் தோன்றும் காரணங்கள் மூன்று.

முதலாவது, மறைவு ஒழிகின்றது. சூதாட்ட நோய் பொய்யிலே வளர்வது. கடன் எவ்வளவு என்பது மனைவிக்குத் தெரியாது. சம்பளம் எங்குப் போயிற்று என்பது தாய்க்குத் தெரியாது. குடியன் தள்ளாடுவதைத் தெரு காணும், சூதாடி தள்ளாடுவதில்லை. ஆதலின் அவன் நோய் நெடுநாள் மறைந்தே கிடக்கும். தன்விலக்குப் பத்திரத்தில் ஒப்பமிடுவோன், என்னால் என்னை அடக்கவியலவில்லை என்பதை முன்பின் அறியாத மற்றொருவர் முன்னிலையில் ஒப்புக்கொள்கிறான். அதன்பின் அவன் தனக்குத் தானே பொய் கூறுதல் அரிதாகிறது.

இரண்டாவது, அழைப்பு நிற்கின்றது. தருமருக்கு வழியிலே வந்த அழைப்பை முன்னர்க் கூறினோம். இக்காலத்துச் சூதாட்ட விடுதியார் ஒரு தூதனோடு அமைவதில்லை. சில நாள் வாராதிருந்தவனுக்கு மடலும், குறுஞ்செய்தியும், இலவசமாக ஆட ஒரு தொகையும் அனுப்பி நினைவூட்டுவர். மறக்க முயல்வோனுக்கு இதனினும் பெரிய இடையூறு வேறில்லை. பட்டியலிற் பெயர் ஏறியபின் இவை நிற்கவேண்டும் என்பது சட்டம்.

மூன்றாவது, காலம் கிடைக்கின்றது. ஆடவேண்டுமென்னும் வேட்கை அலைபோல் எழுந்து, தடையொன்றுற்றால் தணிந்து போவது. கைநீட்டும் தூரத்தில் ஆட்டம் இருக்குமாயின் அலை தணியுமுன் செயல் முடிந்துவிடும். நுழைந்தால் அகப்படுவோமோ என்னும் ஐயம் ஒன்றே பல வேளைகளில் தணிவதற்குரிய அவ்விடைவெளியைக் கொடுத்துவிடும்.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழலாம். முழு வளர்ச்சி பெற்ற மனிதன் தன் சுயேச்சையைத் தானே பிறர்பால் ஒப்புவித்தல் இழிவன்றோ என்பர் சிலர். அற்றன்று. சுயேச்சை ஏற்கெனவே பறிபோனவன் அவன். எஞ்சியிருக்கும் சிறு பகுதியைக்கொண்டு, பறிபோன பெரும் பகுதியை மீட்க அவன் செய்யும் முயற்சியாகவே இதனைக் கருதல் வேண்டும்.

மதிலை உயர்த்திய நாடுகள்

கையொப்பத்தாலேயே பெரும்பயன் விளைந்ததாயினும், காவலை நெகிழவிடலாம் என்பது இதன் பொருளன்று. ஒப்பமிட்டும் உள்ளே நுழைந்த பாதிப் பேருக்கு யார் பொறுப்பு? ஆதலின் பிற்காலத்தே இவ்வேற்பாட்டை மேற்கொண்ட நாடுகள் காவலைச் செம்மை செய்யலாயின. அதற்கு மற்றுமொரு காரணமும் உண்டு. சூதாட்ட விடுதி இன்று கைபேசியுள்ளே புகுந்து, படுக்கையறை வரையில் வந்துவிட்டது.

பிரிட்டனில் முன்னாளில் இணையவழி ஆடுவோன் ஒருவன் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனியே எழுதி விலகவேண்டியிருந்தது. பத்துக் கம்பெனிகளில் விலகியவன் பதினோராவதில் நள்ளிரவிலே கணக்குத் திறந்துவிடுவான். இக்குறையை நீக்குதற்கு 2018-இல் கேம்ஸ்டாப் என்னும் பொதுப் பதிவேடு தொடங்கப்பட்டது. உரிமம் பெற்ற இணையச் சூதாட்டக் கம்பெனிகள் யாவும் அதனோடு இணைதல் கட்டாயம் என்னும் விதி 2020 மார்ச்சு 31 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒருமுறை பெயர் பதிந்தால் எல்லா வாயிலும் ஒருங்கே அடைபடும். ஆறு மாதம், ஓராண்டு, ஐந்தாண்டு என வேண்டிய காலத்தைத் தெரிந்துகொள்ளலாம். காலம் முடிந்த அன்றே கதவு தானாகத் திறந்துவிடுவதில்லை என்பது இதன் சிறப்பு. விலக்கை நீக்க விரும்புவோன் தானே வந்து கேட்டல் வேண்டும். கேட்டபின்னும் 24 மணி நேரம் காத்திருத்தல் வேண்டும். அலை தணிதற்கு இடைவெளி வேண்டும் என்று மேலே கூறிய நியாயம் இங்கு விதியாகவே அமைந்திருத்தல் காண்க.

சுவீடன் 2019 ஜனவரி முதல் நாளிலும், நெதர்லாந்து 2021 அக்டோபரிலும், ஆஸ்திரேலியா 2023 ஆகஸ்டிலும் இத்தகைய பொதுப் பதிவேடுகளை நிறுவின. நெதர்லாந்தின் பதிவேடு இணைய ஆட்டங்களோடு ஊரிலுள்ள சூதாட்ட விடுதிகளையும் தழுவியது. அங்கு மிகக் குறைந்த காலம் ஆறு மாதம். ஆஸ்திரேலியாவிலோ இணையத்தாலும் தொலைபேசியாலும் பந்தயம் கட்டுவோர் மூன்று மாதம் முதல் ஆயுட்காலம் வரையில் விலகலாம்.

தமிழும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாய் விளங்கும் சிங்கப்பூரின் ஏற்பாடு தனியே குறிப்பிடத்தக்கது. அங்கு 2010-இல் இரண்டு பெரிய சூதாட்ட விடுதிகள் திறக்கப்பட்டன; அவை திறக்குமுன்னரே விலக்கு ஏற்பாடு ஆயத்தமாயிருந்தது. குடிமக்களும் நிரந்தர வாசிகளும் உள்ளே செல்ல ஒரு நாளைக்கு நுழைவுத் தீர்வை செலுத்தவேண்டும். முதலில் 100 வெள்ளியாயிருந்த அது 2019-இல் 150 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. ஒவ்வொருவரின் அடையாளமும் வாயிலிலே சரிபார்க்கப்படுவதால், விலகியவன் நுழைதல் எளிதன்று. தன்விலக்கேயன்றிக் குடும்ப விலக்கும் அங்கு உண்டு. மனைவியோ, கணவனோ, பெற்றோரோ, பிள்ளைகளோ, உடன்பிறந்தாரோ விண்ணப்பித்தால், நடுவர் குழுவினர் விசாரித்து ஆணையிடுவர். நொடித்துப்போனோரும், அரசாங்கத்தின் உதவிப் பணத்தால் வாழ்வோரும் சட்டத்தாலேயே விலக்கப்படுவர். சூதாடுவோன் ஒருவனாயினும் அழிவது ஒரு குடும்பம் என்னும் உண்மையை அறிந்து செய்த ஏற்பாடு இது.

குறைகள் சில

இவ்வேலிகளுக்கும் சந்துகள் உண்டு. உரிமமின்றி அயல்நாட்டிலிருந்து நடத்தப்படும் இணைய ஆட்டங்களைப் பொதுப் பதிவேடு எதுவும் கட்டுப்படுத்தாது. ஒருவகை ஆட்டத்தினின்று விலகியவன் மற்றொரு வகைக்குத் தாவுதலும் உண்டு. ஆதலின் வேலியோடு வேறு துணைகளும் சேர்தல் வேண்டும். பிரிட்டனில் வங்கிகள் சில, வாடிக்கையாளர் விரும்பினால் அவர் கணக்கிலிருந்து சூதாட்டக் கம்பெனிகளுக்குப் பணம் செல்லாதவாறு 2018 முதல் தடுத்துக் கொடுக்கின்றன. எல்லாவற்றினும் சிறந்த துணை மருத்துவமும் மனிதரின் உறவுமேயாம். ஆட்டத்தில் கழிந்த மாலைப்பொழுது இனி எங்ஙனம் கழியும்? கடனை எவ்வாறு தீர்ப்பது? முறிந்த நம்பிக்கையை எவ்வாறு மீட்பது? இவற்றிற்குப் பதிவேடு விடை கூறாது.

மற்றொன்றும் சொல்லவேண்டும். நோயாளியே வந்து ஒப்பமிடட்டும் என்று கூறிவிட்டுத் தம் கடமை முடிந்ததாகக் கருதும் வணிகர் குற்றத்தினின்று நீங்கியவராகார். விலகுதல் ஆடுவோன் கடமையாயின், விலகியவனை மீண்டும் சேர்க்காதிருத்தலும், அழிகின்றான் என்று கண்டவிடத்துத் தாமே தடுத்தலும் ஆட்டம் நடத்துவோர் கடமையாகும்.

நமக்குரிய பாடம்

நம் நாட்டில் அரசாங்கத்தார் பெரிதும் கைக்கொண்ட வழி வேறு. தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரிச் சீட்டு விற்பனை தடைசெய்யப்பட்டது. இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்யும் மாநிலச் சட்டம் 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை விலக்கும் மத்தியச் சட்டத்திற்கு 2025 ஆகஸ்டு 22-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். இவை ஆட்டத்தை விலக்குவன. தன்விலக்கோ ஆடுவோனை விலக்குவது. சட்டம் ஒரு கதவை அடைத்தபின்னும் வேட்கை உள்ளத்தே எஞ்சி நின்று வேறு கதவு தேடும். ஆதலின் தன்விலக்கின் உட்கருத்து நமக்கும் வேண்டுவதே.

பதிவேடு இல்லாத இடத்திலும் அக்கருத்தை வீட்டிலே கைக்கொள்ளலாம். தெளிந்த மனத்தோடிருக்கும் நாளில், சம்பளக் கணக்கை நம்பத்தக்க ஒருவர் பொறுப்பில் விடுதல். வங்கி அட்டையை அவரிடம் கொடுத்துவிடுதல். கைபேசியிலுள்ள ஆட்டச் செயலிகளை மற்றொருவர் முன்னிலையில் நீக்குதல். வழக்கமாகக் கடன் கொடுக்கும் நண்பரிடம் சென்று, நான் எத்துணைக் கெஞ்சினும் இனிக் கொடாதே என்று முன்னரே சொல்லிவைத்தல் ஆகிய இவை யாவும் அப்பத்திரத்தின் வரிகளே. இவற்றைச் செய்வதற்கு முன், கடன் முழுவதையும் ஒளியாது ஒருவரிடமேனும் சொல்லிவிடல் வேண்டும். அதுவே முதற் கையொப்பம்.

மாணவ நண்பர்காள்! உங்கள் விடுதி அறைத் தோழரிடையேயும் உறவினரிடையேயும் இந்நோயுற்றார் இருத்தல் கூடும். அவரிடம் சூதின் தீமையை விரித்துரைத்துப் பயனில்லை. அதனை அவர் நம்மினும் நன்கறிவர். கடன் தொகையைக் கேட்டு அதிர்ச்சி காட்டாது, ஏசாது, அவர் அருகில் அமர்ந்து, இன்று எந்தக் கதவை அடைக்கலாம் என்று கேளுங்கள், அடைக்கும்பொழுது உடனிருங்கள். தருமர் திரும்பிச் சென்ற வழியிலே அவருடன் தம்பியர் நால்வர் இருந்தனர். அவருள் ஒருவரேனும் அவர் கையைப் பற்றி நிறுத்தவில்லை.